சமன்படாத கொடுக்கல் வாங்கல்

மொழிப் பரிமாற்றக் கூடுகைக்கு ஒரு கொள்கை உண்டு. அந்தக் கொள்கையைக் கொண்டே அதை அளப்பதுதான் நியாயம். எனக்குத் தெரிந்த மொழியை உனக்குத் தருகிறேன், உனக்குத் தெரிந்ததை எனக்குத் தா. ஆசிரியர் கிடையாது, கட்டணம் கிடையாது, தேர்வு கிடையாது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் 1963-இல் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, இரு நாட்டு இளைஞர்களுக்கென ஒரு பொது அலுவலகத்தையும் நிறுவின. அந்தச் சூழலில் அறுபதுகளின் பிற்பகுதியில் உருவான இணைக்கற்றல் முறைக்கு, இருவர் சேர்ந்து மிதிக்கும் சைக்கிளின் பெயரான 'தாண்டெம்' நிலைத்தது. பின்னாளில் ஹெல்முட் பிராமெர்ட்ஸ் முதலான ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதற்கு இரண்டு நெறிகளை வகுத்தார்கள். கொள்வதும் கொடுப்பதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. எதை, எப்படிக் கற்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு கற்பவருடையது என்பது மற்றொன்று. இன்று பெருநகரங்களின் காபிக்கடைகளில் சட்டையில் கொடி ஒட்டிக்கொண்டு கூடும் மாலைகள் இதே கொள்கையின் தளர்ந்த வடிவம்.

இந்த வடிவத்தைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நிலத்தில் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 1826-இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே இங்கே இன்னும் நடக்கிறது. அலியான்ஸ் பிரான்சேஸ் 1889 முதல் இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் வந்தது. 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவெடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. பக்கத்திலுள்ள ஆரோவில் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், சமஸ்கிருதம் ஆகிய நான்கையும் தன் மொழிகளாக ஏற்றது. இவ்வளவு வசதியும் உள்ள ஊரில் பரிமாற்றம் பலிக்காவிட்டால், குறை ஊரில் இல்லை, நடத்தும் முறையில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

வெள்ளையர் பகுதியின் மஞ்சள் சுவர்களை வைத்து இதை எடைபோடக் கூடாது. அங்கே பிரெஞ்சு பெயர்ப்பலகையிலும் உணவுப் பட்டியலிலும் அலங்காரமாக நிற்கிறது. கருவடிக்குப்பம் போன்ற இடம்தான் சரியான உரைகல். ஒரு பக்கம் நகரம், மறுபக்கம் ஆரோவிலுக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை. தெருவில் பிரெஞ்சு காதில் விழாது. ஆனால் வீடுகளுக்குள் அதற்குத் தேவை இருக்கிறது. 2023-இல் கனடா தன் குடியேற்றத் தேர்வில் பிரெஞ்சு அறிந்தவர்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்த பிறகு, செவிலியர்களும் கணினிப் பொறியாளர்களும் அந்தத் தேர்வுக்காகவே பிரெஞ்சு படிக்கிறார்கள். பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு வேறு காரணம். இப்படிப்பட்டவர்கள் ஐந்தாறு பேர், ஆரோவிலில் சில மாதம் தங்க வந்த பிரெஞ்சு இளைஞர்கள் இரண்டு மூன்று பேர், ஒரு வீட்டு மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஞாயிறு மாலை. நான் பார்த்த கூடுகை இந்த அளவிலானது. இதைப் போன்றவை எல்லாமே ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும்.

சிறப்பை முதலில் பேசுவோம். அது சிறிதன்று.

மொழி கற்றல் குறித்த கோட்பாட்டு விவாதத்தில் ஸ்டீபன் கிராஷென் ஒரு துருவம். புரியும்படியான மொழியை நிறையக் கேட்டால் போதும், பேச்சு தானாக வரும் என்றார். கனடாவின் பிரெஞ்சுவழிப் பள்ளிகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985-இல் அதை மறுத்தார். ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டார்கள், பாடங்களையும் பிரெஞ்சிலேயே படித்தார்கள். கேட்டுப் புரிந்துகொள்வதில் தாய்மொழிக்காரருக்குக் கிட்டத்தட்ட இணையாக நின்றார்கள், பேச்சின் இலக்கணத்திலோ வெகுவாகப் பின்தங்கினார்கள். பேச வேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் போதிய அளவு வாய்க்கவில்லை என்பது ஸ்வெய்னின் விளக்கம். இந்த அளவுகோலில் வகுப்பறை தோற்கும் இடத்தில் கூடுகை வெல்கிறது. 90 நிமிட வகுப்பில் 20 மாணவர்கள் இருந்து, ஆசிரியர் பாதி நேரம் பேசினால், ஒரு மாணவருக்கு வாய் திறக்கக் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். இருவர் எதிரெதிரே உட்கார்ந்தால் அதே நேரத்தில் ஒவ்வொருவருக்கும் அரைமணிக்குக் குறையாமல் கிடைக்கும். இதை எந்தப் பாடநூலாலும் ஈடுகட்ட முடியாது.

காதுக்குக் கிடைக்கும் பயிற்சி இரண்டாவது சிறப்பு. 'எனக்குத் தெரியாது' என்பதற்கு வகுப்பில் 'ஜெ நெ சே பா' என்று நான்கு அசையும் துலங்கச் சொல்லித் தருகிறார்கள். பாரிஸ்காரர் வாயில் அது 'ஷே பா' என்று சுருங்கி விழும். முதன்முறை கேட்பவருக்கு அது வேறு மொழிபோல இருக்கும். இந்தச் சுருக்கத்தை எழுதிப் போட்டுக் கற்பிக்க முடியாது. உயிருள்ள ஒருவர் எதிரே உட்கார்ந்து, கவனமில்லாமல் பேசினால்தான் அது பழகும். ஒலிப்பிலும் தமிழருக்கு ஒரு முன்னிலை உண்டு. பேச்சில் 'மரம்', 'பணம்' என்பவற்றின் ஈற்றை நாம் மூக்கால் இழுத்து முடிப்பதால், பிரெஞ்சின் மூக்குயிர்கள் நமக்கு அவ்வளவு அந்நியமில்லை. இடறுவது வேறிடத்தில். 'தெசுய்' என்றால் மேலே, 'தெசூ' என்றால் கீழே. உதட்டைக் குவித்தபடி நாக்கை முன்னுக்குத் தள்ளும், முதற்சொல்லின் அந்தக் கடைசி உயிர் தமிழில் இல்லை. நேர்எதிரான இரண்டு பொருள்கள் ஓர் உயிரொலியில் பிரிகின்றன. கேட்பவர் புரியாமல் விழிக்கும்போது அந்த வேறுபாடு மனதில் தைக்கிறது. உரையாடலில் புரியாமை எழுந்து, அதைச் சரிசெய்ய இருவரும் முயலும் கணத்தில்தான் கற்றல் நிகழ்கிறது என்று மைக்கேல் லாங் சொன்னதன் கண்கூடான சான்று அது.

இனிக் குறை. ஒரு காட்சியை நெருங்கிப் பார்த்தால் போதும்.

கனடாவுக்கு முயலும் ஒரு செவிலியர் தன்னை அறிமுகம் செய்கிறார்: 'ஜெ சுயி த்ரான்த் ஆன்.' முப்பது வயது என்று சொல்ல நினைத்தார். பிரெஞ்சில் வயதை 'உடையேன்' என்ற வினையால்தான் சொல்ல வேண்டும், 'இருக்கிறேன்' என்பதால் சொல்லக் கூடாது. எதிரே இருந்த இளைஞர் நல்லவர், பண்பானவர். சிரித்தபடி, 'ஆ போன், துய் ஆ த்ரான்த் ஆன்' என்று சரியான வினையைத் தன் மறுமொழிக்குள் வைத்துச் சொன்னார். செவிலியர் 'வி, வி' என்று தலையாட்டினார். அவர் காதில் விழுந்தது உடன்பாடு மட்டுமே. சிறிது நேரத்தில் தம்பியின் வயதைச் சொல்லும்போது அதே பிழை மறுபடி வந்தது. இந்தமுறை மறுமொழிக்குள்ளும் திருத்தம் வரவில்லை, பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது.

ராய் லைஸ்டரும் லைலா ரான்டாவும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் எண்ணிக் காட்டியது. கனடாவின் பிரெஞ்சுவழி வகுப்புகளில் ஆசிரியர்கள் பிழைக்குக் காட்டிய எதிர்வினைகளில் 55 விழுக்காடு இந்த வகை, அதாவது பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தைத் தாமே சொல்லிக் கடந்துபோவது. அதிகம் பயன்பட்ட அந்த முறைக்குத்தான் மாணவர் தரப்பில் எதிர்வினை மிகக் குறைவாக இருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் கையிலேயே நழுவும் கருவி, நட்புக்காக வந்தவர் கையில் எப்படி நிற்கும்? கூடுகையின் இனிமையும் அதன் பலவீனமும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. முகம் சுளிக்காமல் கேட்பதால் தயக்கம் போகிறது. அதே காரணத்தால் பிழை வேரூன்றுகிறது. தடுமாறாமல் தவறாகப் பேசும் திறமை வளர்ந்துவிட்டால் அதைப் பின்னால் களைவது கடினம். தேர்வறையில் அதற்கு விலை கொடுக்க நேரும்.

அந்தப் பிழையின் பிறப்பிடம் இன்னும் முக்கியமானது. தமிழில் 'எனக்கு முப்பது வயசு' என்கிறோம். நம் இலக்கணமும் 'இருக்கிறேன்' என்று சொல்வதில்லை. செவிலியரின் பிழை தமிழிலிருந்து வரவில்லை, ஆங்கிலத்திலிருந்து வந்தது. தமிழிலிருந்து நேரே பிரெஞ்சுக்குப் போயிருந்தால் அவர் இந்தக் குறிப்பிட்ட குழியில் விழுந்திருக்க மாட்டார். கூடுகையில் மூன்றாவது நாற்காலி போட்டு ஆங்கிலம் உட்கார்ந்திருக்கிறது. விளக்கம் ஆங்கிலத்தில், நகைச்சுவை ஆங்கிலத்தில், சலித்தபோது ஒதுங்குவதும் ஆங்கிலத்தில். இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. புதுச்சேரியின் 1965 ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு இடம் தந்து, ஆங்கிலமும் தொடர வழிசெய்தது. நடைமுறையில் பிரெஞ்சு தெரியாவிட்டால் யாருக்கும் எந்த வேலையும் நிற்காது என்றாயிற்று. தேவை இல்லாத இடத்தில் இரு அந்நியர் தமக்குப் பொதுவான மொழிக்குச் சரிவது இயல்பு. இயல்பு என்பதற்காக அதை மன்னித்தால் பரிமாற்றம் என்ற பெயரைக் கைவிட வேண்டும்.

என் கடுமையான மறுப்பு தமிழ்ப் பாதியைப் பற்றியது. பெயரளவில் நேரம் பாதி பாதி. உண்மையில் பிரெஞ்சுக்கு ஒன்றேகால் மணி, தமிழுக்குக் கடைசிக் கால்மணி. அதிலும் கொடுக்கப்படும் தமிழ் எது என்று பாருங்கள். 'போறேன்' என்பதை எப்படிச் சொல்வது என்று பிரெஞ்சு இளைஞர் கேட்கிறார். நம்மவர் முதுகை நிமிர்த்தி, 'நான் போ-கி-றேன்' என்று பிரித்துச் சொல்லித் தருகிறார். அடுத்த நொடி கைபேசி அடிக்க, அம்மாவிடம் 'தோ, கெளம்பிட்டேம்மா' என்கிறார். கேட்டுக்கொண்டிருந்த இளைஞருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள உறவை யாரும் சொல்லவில்லை. அவர் தெருவில் போய்ப் 'போகிறேன்' என்று சொல்லிக் கேலிக்கு ஆளாகி, தமிழ் கடினமான மொழி என்ற முடிவோடு ஊர் திரும்புவார். அவர் 'ஷே பா' என்று தன் வீட்டு மொழியைத் தாராளமாகக் கொடுத்தார். நாம் மேடைத் தமிழை நீட்டினோம். பரிமாற்றம் இங்கேதான் முறிகிறது.

பேச்சுத் தமிழைக் கற்பிக்கத் தகாததாகக் கருதும் இந்தக் கூச்சத்துக்கு நம் வரலாற்றில் ஆதாரம் இல்லை. வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டிலேயே செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாக லத்தீனில் தனித்தனி இலக்கணம் எழுதினார். இரண்டும் வெவ்வேறு தேவைக்கானவை, இரண்டுக்கும் ஒழுங்கு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இதே புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பு, கடைத்தெருவிலும் கவர்னர் மாளிகையிலும் அன்று புழங்கிய தமிழிலேயே எழுதப்பட்டது. கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக இருந்தவர் அவர். இரு மொழிக்கிடையே நிற்பதே தொழிலாகக் கொண்ட மனிதர், தன் பேச்சுமொழியைக் குறித்து வெட்கப்படவில்லை. 1855-இல் மூசே, துய்ப்புயி என்ற பாதிரியார்கள் இங்கே மிஷன் அச்சகத்தில் தமிழ்-பிரெஞ்சு அகராதியை வெளியிடத் தொடங்கியபோது, மொழி கொள்ள வந்தவர்கள் எவ்வளவு உழைத்தார்கள் என்பதற்கும் சான்று கிடைத்தது. கொடுத்தவர், கொண்டவர் இரு தரப்பிலும் இன்றைய கூடுகையைவிடப் பொறுப்பு மிகுந்திருந்தது. அவர்களுக்குப் பிழைப்பும் சமயமும் உந்துதலாக இருந்தன, இன்று ஒரு மாலைப் பொழுது மட்டுமே பணயம் என்ற வேறுபாட்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேவையின் கனம் குறைந்த இடத்தில் நெறியின் கனம் கூட வேண்டும் என்பது என் வாதம்.

நெறி என்றால் என்ன என்று காட்ட இந்த ஊரிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அதையும் வழிபாட்டு மனநிலை இல்லாமல் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

பாரதி 1908-இல் புதுச்சேரிக்கு வந்தார், அரவிந்தர் 1910 ஏப்ரலில் வந்தார். இருவரும் பிரிட்டிஷ் போலீசின் கைக்கு எட்டாதிருக்கப் பிரெஞ்சு எல்லைக்குள் ஒதுங்கியவர்கள். கருவடிக்குப்பத்து மாந்தோப்பு பாரதி நாடிச் சென்ற இடம். குயில் பாட்டோடு சேர்த்து அதைக் குயில் தோப்பு என்றே ஊர் அழைக்கிறது. அதன் பிறகான ஆண்டுகளில் இருவருக்குமிடையே நடந்த கொடுக்கல் வாங்கல் ஒரு கூடுகையின் இலக்கணத்துக்கு முழுமையாகப் பொருந்துகிறது. அரவிந்தர் வேதத்தைக் கொடுத்தார், பாரதி தமிழைக் கொடுத்தார். ஆண்டாள், நம்மாழ்வார், குலசேகரர் பாடல்களின் ஆங்கில ஆக்கங்கள், பாரதியின் துணையோடு அரவிந்தரின் 'ஆரியா' இதழில் வந்தன. வேத ரிஷிகளின் கவிதையையும் பதஞ்சலியின் யோக சூத்திரத்தின் முதற்பகுதியையும் பாரதி தமிழில் தந்தார். தமிழ்ச் சொற்களை ஆராய்ந்தபோது, ஆரிய மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் இடையே பொதுவாகக் கருதப்படுவதைவிட நெருங்கிய உறவு இருக்கக்கூடும் என்று தோன்றியதாக அரவிந்தர் தம் வேத ஆய்வில் எழுதினார். மொழியியலார் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு மொழியை அந்த ஆழத்துக்கு இறங்கிப் பார்க்கத் தூண்டிய பரிமாற்றம் அற்பமானதன்று.

வெற்றிக்குக் காரணம் மேதைமை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது சோம்பலான விடை. அவர்களுக்கு நடுவே ஒரு பாடம் இருந்தது, கையில் பிடித்து வரிவரியாக இறங்கக்கூடிய ஒரு பனுவல். 'நீங்கள் எந்த ஊர், என்ன வேலை' என்பதோடு வற்றிப்போகும் பேச்சல்ல அது. பாசுரத்தின் ஒரு சொல்லுக்குப் பொருள் சரியா தவறா என்ற கேள்வி எழுந்தால், திருத்தம் நாகரிகக் குறைவாகத் தோன்றாது. அதுவே வேலை. மேலும் இருவருக்கும் மற்றவரிடமிருந்து பெற வேண்டியது ஒன்று உண்மையாகவே இருந்தது.

இந்த முன்மாதிரிக்கும் ஒரு பெரிய குறை உண்டு. அதிலிருந்து நூல்கள் பிறந்தன, பேச்சு பிறக்கவில்லை. அரவிந்தர் 40 ஆண்டுகள் இங்கே வாழ்ந்தும் தமிழ் பேசுபவராக அறியப்படவில்லை. பாரதி போன பிறகு தமிழோடு அவருக்கிருந்த தொடர்பு வளரவும் இல்லை. ஒரே மனிதரைச் சார்ந்த பரிமாற்றம் அந்த மனிதரோடு நின்றுவிடுகிறது. அன்று பனுவல் இருந்தது, தெரு இல்லை. இன்றைய மாடிக் கூடுகையில் தெரு எட்டிப்பார்க்கிறது, பனுவல் இல்லை.

இரண்டையும் சேர்க்க வல்ல துணைவர்கள் புதுச்சேரியில் இருக்கிறார்கள், அவர்களைக் கூடுகைகள் தேடுவதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள், ஊர் வழக்கில் 'சொல்தா' வீடுகள். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வுபெற்ற தாத்தாவின் பிரெஞ்சு பழையது, ஆனால் திருத்தமானது. பிழை கேட்டால் பொறுக்காமல் அங்கேயே நிறுத்திச் சரிசெய்யும் குணமும் அந்தத் தலைமுறைக்கு உண்டு. மாடிக் கூடுகையில் இல்லாத குணம் அதுதான். ஜூலை, ஆகஸ்டில் பாரிஸ் புறநகர்களிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் இன்னொரு வகை. அவர்களுக்கு ஆயாவிடம் பேசத் தமிழ் வேண்டும். ஆங்கிலத்துக்கு நழுவி ஆயாவிடம் தப்பிக்க முடியாது. கருவடிக்குப்பத்துச் செவிலியருக்கு வேண்டிய பிரெஞ்சு அந்தப் பிள்ளையின் வாயில் இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு வேண்டிய 'கெளம்பிட்டேன்' செவிலியரின் வாயில் இருக்கிறது. இருவர் தேவையும் சமம். இங்கும் குறை இல்லாமலில்லை. பாரிஸ் இளைஞர் வழக்கில் சொற்களை அசை மாற்றிப் புரட்டுவது சாதாரணம். பெண்ணைக் குறிக்கும் 'ஃபாம்' என்ற சொல் 'மெஃப்' ஆகிவிடும். தேர்வறையில் அது செல்லாது. தாத்தாவின் பிரெஞ்சோ அரைநூற்றாண்டு பின்தங்கியது. ஆனால் இந்தக் குறைகள் தெரிந்த குறைகள், எடுத்துச் சொன்னால் விலக்கிக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணியின் புன்னகைக்குள் மறைந்திருக்கும் குறையை அப்படி விலக்க முடியாது.

தீர்ப்புக்கு வருகிறேன். ஐரோப்பிய அளவுகோலில் முதற்படியான ஏ1-இல் நிற்பவருக்குக் கூடுகை பயன்படாது. வினைத்திரிபே தெரியாதவர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டாலும் அவருக்குக் கிடைப்பது வியப்பு மட்டுமே. அவர் வகுப்புக்குப் போகட்டும். ஏ2-இன் முடிவிலிருந்து பி2 வரை உள்ளவருக்கு இதற்கு இணையான துணைப்பயிற்சி வேறில்லை. வகுப்பில் பெற்ற இலக்கணம் நாவில் இறங்குவது இங்கேதான். அதற்கு மேற்பட்டவருக்குப் பனுவல் இல்லாத கூடுகை வெறும் பொழுதுபோக்கு. ஆக, துணைக்கருவியாக உயர்ந்த தரம், தனித்த முறையாகத் தாழ்ந்த தரம். புதுச்சேரியில் இப்போது நடக்கும் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், பிரெஞ்சுப் பாதி தேறுகிறது, தமிழ்ப் பாதி தேறவில்லை. பரிமாற்றம் என்ற பெயருக்கு இரண்டும் தேற வேண்டும் என்பதால் மொத்தத்தில் அது இன்னும் அந்தப் பெயருக்குத் தகுதி பெறவில்லை.

திருத்த முடியாத குறைகள் அல்ல இவை. கடிகாரத்தை நடுவில் வைத்து நேரத்தைப் பாதியாக வெட்டலாம். பேசுபவரை இடைமறிக்காமல், அவருடைய பிழைகளில் மூன்றை மட்டும் எதிரே இருப்பவர் தாளில் குறித்து, முடிந்ததும் தாளைக் கையில் கொடுக்கலாம். மறுமொழிக்குள் ஒளிந்து காணாமல்போகும் திருத்தம் அப்போது எழுத்தில் நிற்கும். இரு தரப்பும் ஒரு பக்க அளவில் ஏதாவது படித்துவிட்டு வரலாம். ச. மதனகல்யாணி, வெ. ஸ்ரீராம் இருவரின் மொழிபெயர்ப்பில் 'குட்டி இளவரசன்' தமிழிலும் கிடைக்கிறது, மூலமும் எளிய பிரெஞ்சு. ஒரே பக்கத்தை இரு மொழியிலும் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பக்கத்தைப் பேச்சுத் தமிழில் மாற்றிச் சொல்லச் செய்தால், எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள உறவு பிரெஞ்சுக்காரருக்கு விளங்கும், நம்மவருக்கும் அன்றுதான் அது துலங்கும். இத்தனையும் முடியாதென்றால் ஒன்றை மட்டும் செய்யட்டும்: தமிழை முதலில் வைக்கட்டும். ஆங்கிலம் நுழைவது களைப்பு வந்த பிறகுதான், அந்த நேரத்தில் இதுவரை தமிழே பலியாகி வந்திருக்கிறது.